தட்டோடு: கூரையில் பிறந்து தரைக்கு வந்த சொல்

தட்டோடு என்பது குழைத்த களிமண்ணை மரச்சட்டத்தில் இட்டுத் தட்டையாக்கி, உலர்த்தி, சூளையில் சுட்டு எடுக்கும் மெல்லிய ஓடு. வளைவு, மடிப்பு, பள்ளம் எதுவும் இல்லாத சமதளமே இதன் அடையாளம். சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கும். கனம் பெரும்பாலும் அரை அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடைப்பட்டது. மதுரையிலும் அதை அடுத்த கப்பலூர், திருமங்கலம் பக்கமும் இன்று தட்டோடு என்றால் மொட்டைமாடியில் பதிக்கும் சிவப்புச் சதுர ஓடுதான் நினைவுக்கு வரும். ஆனால் பழைய வீடுகளின் முற்றத்திலும் தாழ்வாரத்திலும் திண்ணையிலும் காலடியில் கிடந்ததும் இதே இனத்து ஓடுதான். கூரைப் பொருளுக்குரிய பெயர் தரைக்கு வந்த வழியைப் பார்த்தால், இந்தப் பகுதியின் வீடு கட்டும் முறை எப்படி மாறியது என்பதும் தெரியவரும்.

சொல்லும் பொருளும்

'ஓடு' என்ற சொல்லுக்குத் தமிழில் பொருள்கள் பல. முட்டையோடு, ஆமையோடு, நண்டோடு, மண்டையோடு, துறவி ஏந்தும் திருவோடு, உடைந்த பானையின் சில்லு, வீட்டுக் கூரையின் ஓடு எல்லாம் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். முட்டையோடு முதல் கூரையோடு வரை பெரும்பாலானவற்றில் பொதுவாக நிற்கும் கருத்து, உள்ளே இருப்பதை மூடிக் காக்கும் கெட்டியான மேலுறை என்பது. வீட்டை மேலிருந்து மூடுவது கூரை. ஆகவே அதன் மேல் பரப்பிய சுட்ட மண்துண்டு ஓடு என்று பெயர் பெற்றது இயல்பு. தரையில் கிடப்பது எதையும் மூடிக் காக்கும் உறை அல்ல. அதற்கும் ஓடு என்றே பெயர் வந்ததற்குக் காரணம், அதே மண்ணில், அதே சூளையில், அதே கைகளால் செய்யப்பட்ட பொருள் என்பதுதான்.

முன்னே நிற்கும் 'தட்டு' தட்டையான பரப்பைக் குறிக்கும். கையாலோ கட்டையாலோ அடிப்பதற்கும் அதுவே வினை. ஓட்டின் வடிவத்துக்கு முதற்பொருள் பொருந்துகிறது. அதைச் செய்யும் முறைக்கு இரண்டாவது பொருந்துகிறது. பாதி உலர்ந்த ஓட்டை மரக்கட்டையால் தட்டித்தான் சமப்படுத்துவார்கள்.

தட்டோடு என்ற பெயர் வடிவத்தை மட்டுமே சொல்கிறது. பதிக்கும் இடத்தைச் சொல்வதில்லை. இடத்தைச் சொல்லும் வேலையை வினைச்சொற்கள் செய்கின்றன. சாய்ந்த கூரையில் ஓடு வேய்வார்கள். தரையில் பாவுவார்கள். மாடியில் பதிப்பார்கள். கல்லோ செங்கல்லோ ஓடோ வரிசையாகப் பாவிய தரைக்குத் தளவரிசை என்று பெயர். அதிலுள்ள 'தளம்' என்ற சொல்லும் மேல் கீழ் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் மிதிக்கும் தரையும் தளம். கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிய கூரைக்கும் 'தளம் போட்டாயிற்று' என்றுதான் சொல்கிறார்கள். தட்டையான மாடியில் கீழே இருப்பவருக்குக் கூரையாக இருப்பது மேலே நிற்பவருக்குத் தரையாகிவிடுகிறது. தட்டோடு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பொருள்.

கூரைச் சொல் தரைக்கு இறங்கியது தமிழில் மட்டும் நடந்ததல்ல. இலத்தீன் மொழியில் 'தெகுலா' என்பது கூரை ஓடு. மூடுதல் என்னும் வினையிலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தின் 'டைல்' அதன் வழிவந்தது. அது பின்னர் தரைக்கும் சுவருக்கும் பரவி, இன்று 'டைல்ஸ்' என்ற வடிவில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்கள் வரை வந்திருக்கிறது. 'டெரகோட்டா' என்ற இத்தாலியச் சொல்லுக்குச் சுட்ட மண் என்று பொருள். தமிழில் அதற்கு நேரான 'சுடுமண்' மிகப் பழைய சொல். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மனைகளைச் சொல்லும் இடத்தில் கூரையில் ஏற்றும் ஓட்டுக்கு அந்தச் சொல்லையே ஆள்கிறது.

வைகைக் கரையின் சுடுமண்

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில் 2014–15இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. செங்கல் கட்டுமானங்கள், சுடுமண் உறைகிணறுகள், கூரை ஓடுகள் ஆகியவை அங்கே கிடைத்தன. மாநிலத் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, ஆய்வுக்கு அனுப்பிய கரிமப் பொருள் ஒன்றின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு எனக் குறிப்பிடுகிறது.

கீழடிக் கூரை ஓடுகளில் கைவேலை அப்படியே தெரிகிறது. ஈரமாக இருந்தபோது விரல்களால் இழுத்த வரிப்பள்ளங்கள் மேற்பரப்பில் உள்ளன. மழைநீர் தங்காமல் வழிந்தோட அவை உதவும். மரச்சட்டத்தில் கட்டுவதற்கோ ஆணி அடிப்பதற்கோ ஏற்ற துளைகளும் உண்டு. மண்ணைப் பதமாக்குவது, தட்டையான துண்டாக அமைப்பது, கோணாமல் சுடுவது ஆகிய மூன்றும் வைகைச் சமவெளியில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்த தொழிலாக இருந்தன என்பதற்கு இவை சான்று. தட்டோட்டுக்கு வேண்டிய திறமையும் இந்த மூன்றேதான்.

சூளையின் தடயம் மதுரையின் ஊர்ப்பெயர்களிலும் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்குக் காளவாய், காளவாசல் என்று பெயர். நகரின் மேற்கே இன்று நெரிசல் மிகுந்த சந்திப்பாக இருக்கும் இடத்துக்குக் காளவாசல் என்பதே பெயர்.

யார் வீட்டில் எந்தத் தரை

பெரும்பாலான வீடுகளில் நெடுங்காலம் இருந்தது மண்தரைதான். மண்ணை நிரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவார்கள். பிறகு பசுஞ்சாணம் கரைத்து மெழுகுவார்கள். மெழுகிய தரை தூசி கிளப்பாது, வெயிலில் சூடேறாது, செலவும் வைக்காது. ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை மெழுகியாக வேண்டும். நீர் புழங்கும் இடத்தில் அது நிற்காது. முற்றம், கிணற்றடி, சமையற்கட்டின் ஓரம், மழைச்சாரல் விழும் தாழ்வாரம் ஆகியவற்றுக்கு வேறு தரை வேண்டியிருந்தது.

வசதி கொஞ்சம் கூடிய வீட்டில் அந்த இடங்களில் செங்கல்லோ தட்டோடோ பாவப்பட்டது. அதற்கும் மேலே சுண்ணாம்புக் காரை பூசிப் பளபளப்பாக இழைத்த தரை. கல் கிடைத்த ஊர்களில் கற்பலகைத் தரை. மதுரையில் 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்ப முடியும் என்பதற்கு அளவுகோல். அத்தகைய அரண்மனை வேலைக்கும் சாதாரண வீட்டு முற்றத்துக்கும் அடிப்படைப் பொருள்கள் ஒன்றே: சுட்ட மண்ணும் நீற்றிய சுண்ணாம்பும்.

தட்டோட்டை ஆத்தங்குடி ஓட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் செய்யும் பூவேலை ஓடு சூளைக்குப் போவதில்லை. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்துவது அது. கையால் செய்வது என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் ஆத்தங்குடி ஓடு சிமெண்டு வந்தபின் பிறந்தது, தட்டோடு அதற்கு நெடுங்காலம் முந்தியது. நாட்டு ஓடும் வேறு. அது குயவர் திருவையில் வனைந்து பிளந்த அரைவட்டக் கூரை ஓடு. 'சீமை ஓடு' என்பது ஆலையில் அச்சிட்ட மங்களூர் ஓடு.

மண், அச்சு, சூளை

தட்டோடு செய்வதில் முதல் வேலை மண்ணைத் தேர்வது. மதுரைச் சமவெளியில் கண்மாய்கள் அதற்கு உதவின. வைகையிலிருந்து கால்வாய் வழியாக நிரம்பும் நிலையூர்க் கண்மாய் போன்ற நீர்நிலைகளில் ஆண்டுதோறும் மென்மையான வண்டல் படியும். கோடையில் நீர் வற்றியதும் அதை வெட்டி எடுக்கலாம். கப்பலூருக்குத் தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடி வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் கரிசல் தனியாக ஓட்டுக்கு உதவாது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. எனவே களிமண்ணோடு செம்மண்ணோ மணலோ சேர்த்துப் பதம் பார்ப்பார்கள். களி மிகுந்தால் ஓடு உலரும்போது கோணும். மணல் மிகுந்தால் சுட்டபின் பொரியும்.

கல்லும் வேரும் பொறுக்கிய மண்ணை நீரூற்றி ஊறவிட்டு, காலால் மிதித்துக் குழைப்பார்கள். மிதிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் சூளையில் அந்த இடத்தில் வெடிப்பு விழும். அடியும் மேலும் திறந்த மரச்சட்டத்தைத் தரையில் வைத்து, ஒட்டாமலிருக்கச் சாம்பலோ மணலோ தூவி, மண்ணுருண்டையை ஓங்கி அடித்து மூலை வரை அழுத்துவார்கள். மேலே மிஞ்சிய மண்ணைச் சட்டத்தோடு சேர்த்து வழித்துவிட்டு, ஈரக் கையால் ஒருமுறை தடவிச் சட்டத்தைத் தூக்கினால் பச்சை ஓடு கிடக்கும். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். அதனால் சட்டம் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்யப்படும்.

அடுத்த கட்டம் பொறுமைக்குரியது. நேர்வெயிலில் போட்டால் ஓரம் முதலில் காய்ந்து மேல்நோக்கி வளையும்; அதனால் நிழலில் ஆறவிடுவார்கள். விரல் வைத்தால் பள்ளம் விழாத அளவு இறுகியதும் மரக்கட்டையால் தட்டி மட்டமாக்கி, விளிம்பைச் செதுக்குவார்கள். முழுதும் உலர்ந்த ஓடுகளைச் சூளையில் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, தீ ஊடாடச் சந்து விட்டு அடுக்குவார்கள். விறகு, தென்னை மட்டை, பனையோலை, பிற்காலத்தில் சீமைக்கருவேல் ஆகியவை எரிபொருள். சூடு 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். முதலில் சிறு தீ வைத்து ஈரத்தைப் போக்கிய பிறகே பெருந்தீ மூட்ட வேண்டும். அவசரப்பட்டால் அடுக்கு முழுவதும் பிளந்துவிடும்.

ஓட்டின் சிவப்பு மண்ணிலுள்ள இரும்பிலிருந்து வருகிறது. காற்று நன்றாகப் பட்ட ஓடு சிவக்கும். புகை சூழ்ந்த ஓடு கறுக்கும். உள்ளே காற்று எட்டாத ஓட்டை உடைத்தால் நடுவில் கரிய பட்டை தெரியும். நன்றாக வெந்த ஓட்டை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். வேகாத ஓடு மந்தமாக ஒலிக்கும். வாங்குபவர்கள் இன்றும் இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

மதுரை வட்டாரத்தில் மண்ணைச் சுடும் தொழில் வேளார் எனப்படும் குயவர் சமூகத்தின் கையில் இருந்தது. அய்யனார் கோயில்களுக்குப் புரவி செய்வதும், பல ஊர்களில் அந்தக் கோயில்களில் பூசை செய்வதும் அவர்களே. கப்பலூருக்கு அருகே திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரி கொலுப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்றது. வைகைக் கரையிலுள்ள மானாமதுரை பானைக்கும் கடத்துக்கும் புகழ்பெற்றது. அதன் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செங்கல்லும் ஓடும் சுடும் தொழிலும் மானாமதுரையில் உண்டு.

மாடியில் ஏறிய ஓடு

தட்டோடு மிக அதிகமாகச் செலவானது வீட்டுத் தரையில் அல்ல, மட்டப்பா எனப்படும் மொட்டைமாடியில். கான்கிரீட் வருவதற்கு முன் தமிழ்நாட்டில் மாடிவீடு கட்டிய முறையைப் பொறியியல் நூல்கள் 'மெட்ராஸ் டெரஸ்' என்று குறிக்கின்றன. சுவர்களுக்குக் குறுக்கே மர உத்தரங்களைப் போடுவார்கள். அவற்றின் மேல் 15 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம் உள்ள சிறு செங்கற்களை நிறுத்தி, கோண வாட்டத்தில் வரிசையாகச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அது 7.5 செ.மீ. கனத்துக்கு இறுகும்வரை அடிக்கப்படும்.

இந்த அடிக்கும் வேலை நாட்கணக்கில் நடக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் ஒரே தாளத்தில் தட்டுவார்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். சுண்ணாம்பு இறுகுவதற்கும் வெடிப்பு விழாமலிருப்பதற்கும் அது உதவும் என்பது கொத்தனார்களின் அனுபவம்.

தளம் இறுகியபின் தட்டோடு வரும். பாடநூல் அளவுப்படி 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 12 மி.மீ. கனம் கொண்ட ஓடுகள் இரண்டு அல்லது மூன்று அடுக்காகப் பதிக்கப்படும். ஓர் அடுக்கின் சந்து மேல் அடுக்கின் சந்துக்கு நேரே வராமல் மாற்றி வைப்பது முக்கியம். நீர் நேரே இறங்க வழி இருக்கக் கூடாது. பதிப்பதற்கு முன் ஓடுகளைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். உலர்ந்த ஓட்டை வைத்தால் அது காரையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. கடைசியில் மழைநீர் வெளியேறும் மூலையை நோக்கிச் சிறிய வாட்டம் விடுவார்கள். 36 அடிக்கு ஓர் அடி சரிவு வழக்கமான கணக்கு.

இப்படிக் கட்டிய மாடி வெயிலைத் தாமதப்படுத்தும். மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த கனமான அடுக்கு பகலின் சூட்டைச் சட்டெனக் கீழே விடாது. வடகமும் வற்றலும் காயப்போடவும், கோடை இரவில் பாய்விரித்துப் படுக்கவும் மதுரை வீடுகளுக்கு இந்தச் சிவப்புத் தளம்தான் இடம் கொடுத்தது.

வீட்டுத் தரைக்கும் முறை ஏறத்தாழ இதுவே. கரிசல் நிலத்தில் வீடு கட்டினால் முதலில் அந்த மண்ணைத் தோண்டி அகற்றி, சரளையோ மணலோ நிரப்ப வேண்டும். அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி, அதன் மேல் ஓடு. நூல் பிடித்து வரிசை பார்த்து, மட்டப்பலகை வைத்துத் தட்டிச் சமன் செய்வார்கள். கையால் செய்த ஓடுகள் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால் சந்து கொஞ்சம் அகலமாகவே விடப்படும். நிலம் சற்று அசைந்தாலும் இந்தச் சுண்ணாம்புச் சந்துகள் அசைவைத் தாங்கிக்கொள்ளும். ஓர் ஓடு உடைந்தால் அதை மட்டும் பெயர்த்து மாற்றலாம்.

ஆலையும் சிமெண்டும்

கைத்தொழிலுக்கு முதல் போட்டி மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தது. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1860களில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. எந்திரத்தில் அழுத்திய ஓடுகள் ஒரே அளவில், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி வந்தன. கோழிக்கோடு, பெரோக் எனத் தொழிற்சாலைகள் பெருகின. கூரை ஓட்டோடு தரை ஓடும் அங்கே செய்யப்பட்டது. சென்னை மாகாணத்து அரசுக் கட்டடங்கள், ரயில் நிலையங்கள், பள்ளிக்கூடங்கள் வழியாகச் சீமை ஓடு தெற்கு மாவட்டங்களுக்கு வந்து, நாட்டு ஓட்டின் இடத்தைப் பிடித்தது.

தட்டோட்டை ஆலை முற்றிலும் ஒழிக்கவில்லை, செய்முறையை மாற்றியது. எந்திரத்தில் அழுத்திய ஒன்பது அங்குலச் சதுர ஓடு சந்தைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணயத்திலும் இந்தப் பிரிவைக் காணலாம். மாடியில் பதிக்கும் தட்டையான சுட்ட களிமண் ஓடுகளுக்கான ஐ.எஸ். 2690 என்ற தரநிலைக்கு இரண்டு பகுதிகள்: ஒன்று எந்திர ஓட்டுக்கு, மற்றது கையால் செய்த ஓட்டுக்கு. தரையில் பாவும் களிமண் ஓட்டுக்கு ஐ.எஸ். 1478 என்ற தனித் தரநிலை உண்டு. தமிழ் ஒரே பெயரில் அழைத்ததைத் தரநிலைகள் இடத்தைக் கொண்டும் செய்முறையைக் கொண்டும் பிரித்துவிட்டன.

வீட்டுத் தரையிலிருந்து தட்டோட்டை அகற்றியது சிமெண்டு. திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது. சிமெண்டு தெற்கு மாவட்டங்களில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, சிவப்பு ஆக்சைடு தூவி இழைத்த காவித் தரை பரவியது. சந்து இல்லை, துடைப்பது எளிது, பளபளப்பு உண்டு. சிவப்பு நிறம் மட்டும் பழைய ஓட்டுத் தரையின் தொடர்ச்சியாக நின்றது. பிறகு மொசைக், அதன்பின் பளிங்கும் கிரானைட்டும், 1990களுக்குப் பின் விட்ரிஃபைட் டைல்ஸ் என்று தரை மாறிக்கொண்டே வந்தது. விட்ரிஃபைட் ஓடு 1200 டிகிரியை ஒட்டிய சூட்டில் கண்ணாடித்தன்மை பெறுவது. அது தன் எடையில் அரை சதவீத நீரைக்கூட உறிஞ்சாது. சூளையில் சுட்ட தட்டோடு அதைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். கறை படிவதற்கும் பாசி பிடிப்பதற்கும் காரணம் அதுவே. வெறுங்காலுக்குக் குளிர்ச்சியாக இருப்பதற்கும், ஈரக்காலோடு நடந்தால் எளிதில் வழுக்காததற்கும் அதே நுண்துளைகளே காரணம்.

இன்றைய நிலை

கான்கிரீட் கூரை வந்தபிறகும் மாடியில் தட்டோடு நீடித்தது. மரமும் சிறுசெங்கல்லும் போய்விட்டன. கான்கிரீட்டின் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு ஒன்பது அங்குலத் தட்டோடு பதிப்பது வெயிலுக்கும் கசிவுக்கும் காப்பாக வழக்கத்தில் நின்றது. சமீப ஆண்டுகளில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை 'கூல் டைல்ஸ்', நீர்த்தடுப்புப் பூச்சுகள் ஆகியவை அந்த இடத்தையும் பங்குபோடுகின்றன. ஜல்லி அடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்ததும் ஒரு காரணம்.

மண் கிடைப்பது இன்னொரு சிக்கல். கண்மாய் மண் அரசின் கனிம விதிகளுக்கு உட்பட்டது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் நீர்நிலைகளின் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள 2017இல் தமிழ்நாடு அரசு வழிசெய்தது. வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

கப்பலூர் இந்த மாற்றங்களின் நடுவே இருக்கும் ஊர். 1936இல் தொடங்கப்பட்ட தியாகராஜர் நூற்பாலை, பின்னர் வந்த சிட்கோ தொழிற்பேட்டை, நான்குவழிச் சாலை, சுங்கச்சாவடி என்று ஒரு நூற்றாண்டுக்குள் கண்மாய்ப் பாசனக் கிராமம் ஆலைப்பகுதியாகிவிட்டது. இப்படி மாறிய ஊர்களில் புதிய வீட்டுத் தரைக்குக் கண்மாய் மண் தேவைப்படுவதில்லை. பளபளப்பான ஓடு பெட்டி பெட்டியாக லாரியில் வந்து இறங்குகிறது.

மறுபுறம், சுட்ட மண் தரையைத் தேடிப் போவோரும் இருக்கிறார்கள். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் சிக்கனக் கட்டடங்களில் சுடுமண்ணுக்கு மதிப்பை மீட்டுத் தந்தார். 1968இல் உருவான ஆரோவில்லும் மண் கட்டடக்கலையை வளர்த்தது. இன்று கட்டடக் கலைஞர்கள் 'டெரகோட்டா டைல்ஸ்' என்ற பெயரில் பரிந்துரைப்பது பெரும்பாலும் பழைய தட்டோட்டைத்தான். விலை மட்டும் கூடியிருக்கிறது.

பேச்சு வழக்கில் இப்போது தரையில் பாவுவது டைல்ஸ், சாய்ந்த கூரையில் வேய்வது ஓடு, மொட்டைமாடியில் பதிப்பது தட்டோடு என்று சொற்கள் பங்கு பிரித்துக்கொண்டுவிட்டன. தரைக்கும் மாடிக்கும் பொதுவாக இருந்த ஒரு பெயர் மாடியோடு நின்றுவிட்டது. அங்கும் தட்டோடு பதிப்பது நின்றுபோனால் அந்தச் சொல் அகராதியில் மட்டுமே மிஞ்சும்.